ஒரு சொல், பல பள்ளிகள்

ஐன்ஸ்டீனின் வாழ்க்கை வரலாற்றை ஆங்கிலத்தில் படிக்கும் மாணவர், அவர் மியூனிக் நகரின் லூயிட்போல்ட் ஜிம்னாசியத்தில் பயின்றார் என்ற செய்தியைக் காண்பார். ‘ஜிம்’ என்ற சொல்லை அறிந்த மாணவர், அதை உடற்பயிற்சிக்கூடம் என்றே எண்ணக்கூடும். உண்மையில் அது ஓர் உயர்நிலைப் பள்ளி. சொற்பொருள் கற்பிக்கும் வகுப்புகளில் இந்தச் சொல்லை நான் விரும்பி எடுத்துக்கொள்வதற்கு இதுவே காரணம்.

கிரேக்க மொழியில் ‘கிம்னோஸ்’ என்றால் ஆடையற்ற என்று பொருள். பண்டைய கிரேக்க இளைஞர்கள் ஆடையின்றிப் பயிற்சி செய்த இடம் ‘கிம்னாசியோன்’ எனப்பட்டது. அங்கு உடற்பயிற்சி மட்டும் நடக்கவில்லை. அறிஞர்கள் உரையாடினார்கள், இளைஞர்கள் கூடிக் கேட்டார்கள். ஏதென்சில் பிளேட்டோ கற்பித்த அகாடமியும் அரிஸ்டாட்டில் கற்பித்த லைசியமும் இத்தகைய பயிற்சிக்கூடங்கள் அமைந்திருந்த இடங்களே.

உடலும் அறிவும் ஒன்றாக வளர்ந்த அந்த இடத்தின் பெயரைப் பிற்கால மொழிகள் பங்கிட்டுக்கொண்டன. ஆங்கிலம் உடற்பயிற்சியை எடுத்துக்கொண்டது. பிரெஞ்சு மொழியின் ‘ஜிம்னாஸ்’ என்பதும் பொதுவாக விளையாட்டுக்கூடமே. ஜெர்மன், ஸ்வீடிஷ், டேனிஷ் மொழிகள் கல்வியை எடுத்துக்கொண்டன.

பள்ளி என்ற பொருளிலும் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்பை முடித்த, ஏறத்தாழப் பத்து வயதுப் பிள்ளைகள் இப்பள்ளியில் சேரலாம். இறுதியில் அவர்கள் எழுதும் ‘அபிட்டூர்’ தேர்வு பல்கலைக்கழகத்துக்கு வழி திறக்கிறது. ஸ்வீடனில் ஒன்பதாம் வகுப்புக்குப் பின் வரும் மூன்றாண்டுக் கல்விக்கே இப்பெயர். கிரீசில் ஆறாண்டுத் தொடக்கக் கல்வியை அடுத்த மூன்றாண்டுகள் ‘கிம்னாசியோ’. அதன்பின் வருவது ‘லிக்கியோ’. அரிஸ்டாட்டிலின் லைசியம்தான் அந்த ‘லிக்கியோ’. பிரான்சின் ‘லிசே’ பள்ளிக்கும் அதுவே மூலம்.

காலமும் பொருளை மாற்றுகிறது. போலந்தில் 1999ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் ‘கிம்னாசியும்’ என்ற பெயரில் மூன்றாண்டு இடைநிலைப் பள்ளிகளைக் கொண்டுவந்தது. 2017இல் தொடங்கிய அடுத்த சீர்திருத்தத்தால் 2019க்குள் அவை இல்லாமல் போயின.

ஆகவே, ‘ஜிம்னாசியம் மாணவர்’ என்றால் கிரீசில் பதின்மூன்று வயதுச் சிறுவராக இருக்கலாம். ஸ்வீடனில் பதினேழு வயது இளைஞராக இருக்கலாம். மொழிபெயர்ப்பவர் இதைக் கவனிக்காவிட்டால் ஒருவரின் கல்வித்தகுதியே தவறாகப் பதிவாகிவிடும்.

இதை வகுப்பறையில் எளிதாகச் செய்து பார்க்கலாம். இச்சொல் இடம்பெறும் மூன்று வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதுங்கள். ஒன்று இங்கிலாந்தைப் பற்றியும், ஒன்று ஜெர்மனியைப் பற்றியும், ஒன்று கிரீசைப் பற்றியும் இருக்கட்டும். குழுவாக அமர்ந்து பொருளை ஊகிக்கச் சொல்லுங்கள். ‘எந்த நாடு? எந்தக் காலம்? முன்னும் பின்னும் என்ன சொற்கள் உள்ளன?’ என்ற மூன்று கேள்விகளையும் அவர்களே கேட்டுக்கொள்ளட்டும். அகராதி தரும் முதல் பொருளோடு நின்றுவிடாமல் வாக்கியத்தையும் பார்க்கும் பழக்கம் அவர்களிடம் வளரும். எந்தப் பாடத்தைப் படிக்கவும் அது துணைசெய்யும்.