புதிய மடக்குக் கத்தியின் இறுக்கத்தைத் தளர்த்தும் முறை

1961-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற தேசியப் புவி பௌதிக ஆராய்ச்சி நிலையம் ஐதராபாத் நகரின் ஹப்சிகுடாப் பகுதியில் அமைந்துள்ளது. இத்தகைய நிலையங்களிலிருந்து வெளியிடப் பணிக்குச் செல்வோர் தம் பையில் சுத்தியலுடன் மடக்குக் கத்தி ஒன்றையும் வைத்திருப்பது வழக்கம். கம்பிகளின் உறையைச் சீவுவதற்கு மட்டுமன்றி, கற்களின் கடினத்தன்மையை அறிவதற்கும் அது பயன்படுகிறது. மோஸ் என்னும் அறிஞர் 1812-இல் வகுத்த அளவையில் கால்சைட்டின் எண் 3, கத்தியின் எஃகு ஏறத்தாழ 5½, ஃபெல்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7. ஆகவே, சுண்ணாம்புக்கல் வகையான கடப்பைக்கல்லில் கத்தி எளிதிற் கீறும். ஐதராபாத்தின் கருங்கற் பாறைகளிலுள்ள குவார்ட்ஸில் கீறாது.

புதிதாக வாங்கிய கத்தி பல சமயங்களில் திறக்க முடியாதபடி இறுகியிருக்கும். பலங்கொண்டு இழுத்தால் நகம் பெயரும். அலகு திடீரென விடுபட்டு விரலையும் வெட்டும். எனினும், இறுக்கம் முழுவதையும் நீக்கிவிடுவது அதனினும் அபாயகரமானது. ஏன் என்பதைக் கத்தியின் அமைப்பு விளக்கும்.

சாதாரண மடக்குக் கத்தியில் அலகு ஓர் அச்சாணியைச் சுற்றித் திரும்புகிறது. கைப்பிடியின் முதுகுப்புறத்திலுள்ள எஃகுப் பட்டை வில், அலகின் அடிப்பகுதியை அழுத்திக்கொண்டிருக்கிறது. எனவே இறுக்கத்திற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, உராய்வு: தொழிற்சாலையில் தங்கிய மெருகுப்பொடி, உலர்ந்த மசகு, உலோகப் பரப்புகளின் நுண்ணிய பிசிறுகள் ஆகியவற்றால் விளைவது. மற்றொன்று, வில்லின் விசை. முன்னது நீக்கத்தக்கது, பின்னது காக்கத்தக்கது. கல்லைக் கீறும்பொழுது அலகு மடங்கி விரல்மேல் விழாதபடி தடுப்பது அவ்வில் ஒன்றே.

உராய்வை நீக்கும் முறை வருமாறு:

1. அலகை முழுவதும் திறந்து, மூட்டினைச் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுக. மரம் அல்லது கொம்பினாலான கைப்பிடியை நீரில் ஊற வைத்தல் கூடாது. ஈரம் சிறிதுமின்றி உலர்த்துக.

2. அச்சாணியின் இரு பக்கங்களிலும், வில் அலகைத் தொடும் இடத்திலும் தையல் இயந்திர எண்ணெய் ஒவ்வொரு துளி இடுக.

3. அலகின் வழியில் விரல் குறுக்கிடாதவாறு பிடித்து, முப்பது நாற்பது முறை மெதுவாகத் திறந்து மூடுக. கரிய கசடு வெளிப்படும். அது மெருகுப்பொடியும் தேய்ந்த உலோகத் துகளும் கலந்ததாகும். அதனைத் துணியால் துடைத்து, மீண்டும் எண்ணெய் இடுக. கசடு நிற்கும்வரை இவ்வாறு செய்க.

தேங்காய் எண்ணெய் இதற்கு ஏற்றதன்று. ஏறத்தாழ 24 பாகை சென்டிகிரேடுக்குக் கீழ் அது உறையத் தொடங்கும். மார்கழி இரவில் ஐதராபாத்தின் குளிர் அதற்கும் கீழே இறங்குவதுண்டு. அச்சாணியைச் சுத்தியலால் தட்டுவதும், வில்லை அரத்தால் அராவுவதும் தவறு. நெருப்பில் காட்டினால் எஃகின் பதம் கெட்டு அலகு மென்மையாகிவிடும்.

எவ்வளவு தளர்ந்தாற் போதும் என்பதைச் செவியாலேயே அறியலாம். அலகை மூடிக்கொண்டு வரும்பொழுது, கடைசிச் சிறு தூரத்தை அது தானே தாவி 'டக்' என்ற ஒலியுடன் அமர வேண்டும். சோம்பலாக நின்றுவிட்டால் உராய்வு இன்னும் மிகுதி என்பது பொருள். ஒலியின்றி தளதளவென்று ஆடினாலோ, பக்கவாட்டில் அசைந்தாலோ அக்கத்தியைப் பணிக்கு எடுத்துச் செல்லலாகாது.

வெளியிடப் பணி முடிந்ததும் மூட்டினைத் துடைத்து வைத்தல் அவசியம். மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். கத்தியால் கீற இயலாத அதே பொருள் மூட்டினுள் புகுந்தால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அது கத்தியைக் கீறும்.

ஆசிரியர்கள் உராய்வு பற்றிய பாடத்தில் இதே சோதனையை ஒரு துருப்பிடித்த கதவுக் கீலைக்கொண்டு மாணாக்கருக்குக் காட்டலாம். கத்தியை மாணாக்கர் கையில் கொடாதிருத்தல் நலம்.