சர்க்கரை நோயும் சிறுநீரகமும்: சூணாம்பேடு காட்டிய வழி

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது நாம் சிறுவயது முதல் கேட்டுவரும் பழமொழி. ஆயினும் இன்று நம் தோழியர் பலருடைய வீட்டில் பாட்டியோ தந்தையோ சர்க்கரை நோய்க்கு மாத்திரை உண்டு வருகின்றனர். “கொஞ்சம் சர்க்கரை இருக்கிறது, வேறொன்றுமில்லை” என்று அவர்கள் சொல்வதையும் நாம் கேட்டிருக்கிறோம். அந்த ‘வேறொன்றுமில்லை’ என்ற சொல்லுக்குள் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. தொலைவிலுள்ள சிறப்பு மருத்துவரின் துணைகொண்டு அதை எதிர்த்து நின்ற சிற்றூர் ஒன்று நம் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே உள்ளது. அதைப் பற்றி அறிவோம்.

ஓசையின்றி வரும் கேடு

நம் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. அவை நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, வேண்டியதை மீண்டும் இரத்தத்தில் சேர்த்து, ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளியேற்றுகின்றன. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பல ஆண்டுகள் மிகுந்திருந்தால் இவ்வடிகட்டிகள் பழுதடைகின்றன. முதலில் ஆல்புமின் என்னும் புரதம் சிறிது சிறிதாகச் சிறுநீரில் கசிகிறது. அப்போது வலியும் இல்லை, வீக்கமும் இல்லை. ஆகவே நோயாளிக்கு ஒன்றும் தெரிவதில்லை. காலும் முகமும் வீங்கிய பின் மருத்துவமனைக்கு ஓடினால், சிலருக்கு வாரம் இருமுறை, மும்முறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் நிலையும் வந்துவிடுகிறது.

கசிவு தொடங்கும்போதே கண்டுகொண்டால் சர்க்கரையையும் அழுத்தத்தையும் கட்டுப்படுத்தி, சிறுநீரகத்தைக் காக்கும் மாத்திரைகளைக் கொடுத்து, கேட்டினைப் பல்லாண்டுகள் தள்ளிப்போட இயலும்.

தொலைவு என்னும் தடை

செங்கல்பட்டில் 1965-ஆம் ஆண்டு முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எனினும் செய்யூர்ப் பக்கத்துச் சிற்றூரிலோ, மாமல்லபுரத்தை அடுத்த கடற்கரைக் குப்பத்திலோ வாழ்பவர் சிறப்பு மருத்துவரைக் காண ஒரு நாளையே செலவிட வேண்டும். மீன்கூடை சுமந்து விற்கும் ஒரு தாய்க்கு அந்த ஒரு நாள் என்பது அன்றைய வருமானமும் பேருந்துக் கட்டணமும் ஆகும். உடம்பில் வலியே இல்லாதபோது அவர் ஏன் போகப் போகிறார்?

வண்டி ஊருக்கு வந்தது

இத்தடையை நீக்கவே 2006-ஆம் ஆண்டில் சூணாம்பேட்டில் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. அன்று அவ்வூர் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. 2019-இல் மாவட்டம் பிரிக்கப்பட்ட பின் நம் மாவட்டத்தைச் சேர்ந்தது. டாக்டர் வி. மோகன் அவர்கள் தலைமையிலான சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம், உலக நீரிழிவு அறக்கட்டளையின் உதவியுடன் இதனை நடத்தியது. கண்ணின் உட்புறத்தைப் படமெடுக்கும் கருவி, இதயத் துடிப்பைப் பதியும் கருவி முதலியவை பொருத்திய வண்டியொன்று ஊர் ஊராகச் சென்றது. அவ்வண்டியைச் சென்னை மருத்துவர்களுடன் இணைக்கும் செயற்கைக்கோள் தொடர்பை இஸ்ரோ அளித்தது. சூணாம்பேட்டிலேயே நீரிழிவு மருத்துவ நிலையம் ஒன்றும் அமைந்தது.

42 கிராமங்களில் இருந்த 27,014 பெரியவர்களில் 23,449 பேர் சோதிக்கப்பட்டனர். 1,138 பேருக்கு நீரிழிவு இருந்தது. அவர்களுள் 1,001 பேரை மேலும் ஆராய்ந்தபோது, நூற்றுக்கு 24 பேருக்குச் சிறுநீரில் ஆல்புமின் கசியத் தொடங்கியிருந்தது. அதாவது, நால்வரில் ஒருவருக்குச் சிறுநீரகம் எச்சரிக்கை விடுத்திருந்தது!

ஓராண்டுக்குள், மூன்று மாதச் சர்க்கரை நிலையைக் காட்டும் சராசரி அளவு 9.3-லிருந்து 8.5 ஆகக் குறைந்தது. பலருக்கு இலக்காகக் கொள்ளப்படும் 7-ஐ அது எட்டவில்லை என்பது உண்மையே. எனினும் ஊர் முழுவதும் சேர்ந்து இறங்கிய படி அது. சென்னைக்கு அனுப்ப வேண்டியிருந்தவர்கள் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவு. ஏனையோர் தம் ஊரிலேயே மருத்துவம் பெற்றனர்.

இரு கைகள் சேர்ந்தால்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்திலும் 2003-ஆம் ஆண்டு டாக்டர் சஞ்சீவ் அரோரா இதையொத்த முறையொன்றைத் தொடங்கினார். அங்கே கல்லீரல் நோய் வல்லுநர்கள் தொலைக்காட்சித் திரை வழியே சிற்றூர் மருத்துவர்களுடன் கலந்து பேசினர். நோயாளி பயணம் செய்யவில்லை. அறிவே பயணம் செய்தது. நம் நாட்டில் 2020-இல் கொரோனாக் காலத்தில், வீட்டிலிருந்தே மருத்துவரைக் காண இ-சஞ்சீவனி வழி செய்தது. 2021-இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது.

ஆனால் ஒன்றை நாம் மறத்தலாகாது. திரையில் தோன்றும் மருத்துவர் வீங்கிய காலைத் தொட்டுப் பார்க்க இயலாது. அருகிலுள்ள செவிலியர் சிறுநீரைச் சோதித்து, அழுத்தத்தை அளந்து, உண்ணும் மருந்துகளின் பட்டியலைத் தந்தால்தான் அவர் சரியான வழி கூற முடியும். அவர் கூறியதை அன்றாடம் நிறைவேற்றுவோர் வீட்டிலும் வேண்டும். தொலைவிலுள்ள அறிவு ஒரு கை. அருகிலுள்ள அன்பு மறு கை. இரு கைகளும் சேர்ந்தால்தானே ஓசை! மூச்சுத் திணறலோ, சிறுநீர் குறைதலோ கண்டால் திரையை நம்பியிராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

ஆய்வுக்கூடத்தில் பெனடிக்ட் கரைசல் நீலத்திலிருந்து செங்கல் நிறமாக மாறுவதைக் கண்டு வியக்கிறோம். அந்த வியப்பு வகுப்பறையோடு நின்றுவிடலாமா? சர்க்கரை நோயுள்ளோர் ஆண்டுக்கொரு முறையேனும் சிறுநீரில் ஆல்புமினையும் இரத்தத்தில் கிரியாட்டினினையும் சோதித்துக்கொள்ள வேண்டும். கருவாடு, ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றில் உள்ள உப்பைக் குறைக்க வேண்டும். மூட்டுவலிக்குத் தாமாகவே கடையில் மாத்திரை வாங்கி உண்பதை நிறுத்த வேண்டும்.

இன்று மாலை வீடு திரும்பியதும், “பாட்டி, கடைசியாக உங்கள் சிறுநீரைச் சோதித்தது எப்போது?” என்று கேட்போம். அவருக்கு நினைவில்லை என்றால், அடுத்த முறை சுகாதார நிலையத்திற்கு அவருடன் நாமே செல்வோம்.