முதலில் தராசு, அப்புறம்தான் பானை

வீட்டில் பீர் தயாரிக்கத் தொடங்கும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்தப் பானை வாங்கலாம் என்பதைத்தான். பானையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் நல்ல தராசு வாங்குங்கள் என்பேன்.

சிங்கப்பூரில் இது அனுமதிக்கப்பட்ட பொழுதுபோக்கு. 18 வயது நிரம்பியவர்கள், ஒரு குடும்பத்திற்கு மாதம் 30 லிட்டர் வரை, சொந்தப் பயன்பாட்டிற்காக மட்டும் நொதிக்கவைத்துத் தயாரிக்கலாம். விற்கக் கூடாது, காய்ச்சி வடிக்கவும் கூடாது. நம் வீவக சமையலறைக்கு ஒரு தடவைக்கு 5 லிட்டர் என்பது கச்சிதமான அளவு.

அந்த 5 லிட்டருக்கு ஏறக்குறைய 1.2 கிலோ மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமை, தேவைப்படும். கசப்புக்குச் சேர்க்கும் ஹாப்ஸ் 10 கிராம் இருந்தாலே போதும். தராசு 1 கிராம் கூடவோ குறையவோ காட்டினால் மால்ட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஹாப்ஸில் அதே 1 கிராம் 10 விழுக்காடு. கசப்பு நாக்கில் தெரியும்.

அதைவிட முக்கியமானது சர்க்கரை. புட்டியில் ஊற்றும்போது நுரைக்காக லிட்டருக்கு 6 கிராம் அளவில், 5 லிட்டருக்கு 30 கிராம் சேர்ப்பார்கள். ஈஸ்ட் அதை உண்டு கரியமில வாயுவை வெளியிடும். மூடிய புட்டிக்குள் வாயு போக வழியில்லை. கரண்டிக் கணக்கில் போட்டுச் சர்க்கரை இரு மடங்கானால் புட்டி வெடிக்கலாம். நம் ஊர் வெப்பத்தில் உள்ளழுத்தம் இன்னும் ஏறும். நண்பர் ஒருவர் வீட்டு அலமாரியில் நள்ளிரவில் அப்படி ஒன்று வெடித்தது. நல்லவேளை, பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். காலையில் பார்த்தால் கண்ணாடித் துண்டுகள் அடுப்புவரை சிதறிக் கிடந்தன.

ஆகவே என் யோசனை, இரண்டு தராசுகள். மால்ட்டுக்கு 5 கிலோ வரை நிறுக்கும், 1 கிராம் துல்லியமுள்ள சமையலறைத் தராசு. ஹாப்ஸ், சர்க்கரை, தண்ணீரில் சேர்க்கும் உப்பு வகைகளுக்கு 0.1 கிராம் துல்லியமுள்ள சிறிய தராசு. 0.01 கிராம் காட்டும் நகைக்கடைத் தராசு போன்றவையும் கிடைக்கின்றன. ஆனால், பலவற்றின் உச்ச எடை 200 கிராம்தான். அதன்மேல் 300 கிராம் எவர்சில்வர் கிண்ணத்தை வைத்தால் திரையில் பிழைதான் காட்டும். பாத்திரத்தின் எடையைப் பூஜ்ஜியமாக்கினாலும் அது உச்ச எடையில் சேர்த்தியே. 20 லிட்டர் தயாரிப்பவர்களுக்கு மால்ட் மட்டுமே 5 கிலோவை நெருங்கும். அவர்கள் 10 கிலோ தராசு வாங்கலாம், அல்லது பிரித்துப் பிரித்து நிறுக்கலாம்.

கடையில் கேட்க வேண்டிய இன்னொன்று, தராசு எத்தனை நிமிடத்தில் தானாக அணைகிறது என்பது. பாதி நிறுத்துக்கொண்டிருக்கும்போது அணைந்தால் கணக்கே போச்சு.

திரையில் தசம எண் தெரிவதாலேயே எடை சரி என்று சொல்லிவிட முடியாது. வணிகத்திற்குப் பயன்படும் தராசுகளில் துல்லிய முத்திரை ஒட்டப்பட்டிருக்கும். வீட்டுத் தராசை நாமேதான் சோதிக்க வேண்டும். அதற்குச் சட்டைப்பையில் இருக்கும் சில்லறையே போதும். 2013இல் வெளிவந்த புதிய வரிசை 1 வெள்ளி நாணயம் 7.62 கிராம். பத்து நாணயங்களை வைத்தால் 76.2 கிராம் காட்ட வேண்டும். தட்டின் நடுவிலும் ஓரத்திலும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள்.

நிறுக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். காற்று பட்டாலே சிறிய தராசில் எண் ஆடும். பொடியைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவினால் சில தராசுகள் அதைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாது. கிண்ணத்தைத் தூக்கி, பொடியைச் சேர்த்து, மறுபடி வையுங்கள்.

ஒலிபரப்பில் ஒவ்வொரு வினாடியையும் எண்ணிப் பழகிய எனக்கு இந்தக் கிராம் கணக்கு பிடித்திருக்கிறது. நிறுத்த எடைகளை ஒரு குறிப்பேட்டில் தேதியுடன் எழுதிவையுங்கள். நன்றாக வந்த பீரை அடுத்த மாதமும் அப்படியே தயாரிக்க அந்த எண்கள் கைகொடுக்கும்.