செப்புக் கேபிளும் வரைபடக் கணக்கும்

தொலைபேசி ஒன்றுக்கு இரண்டு கம்பிகள் வேண்டும். அவற்றை ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால் அக்கம்பக்கத்து இரைச்சல் குறையும் என்று கண்டு, கிரகாம் பெல் 1881ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். முறுக்கிய இரு கம்பிகள் ஓர் 'இணை'. அமெரிக்காவில் தொலைபேசி நிலையத்திலிருந்து தெருவோரப் பெட்டி வரை நூற்றுக்கணக்கான இணைகளைச் சுமந்து செல்லும் தாய்க் கேபிளுக்கு 'ஃபீடர்' என்று பெயர். பெட்டியிலிருந்து வீடுகளுக்குச் செல்பவை கிளைக் கேபிள்கள்.

இத்தனை இணைகளில் ஒன்றை எவ்வாறு கண்டுபிடிப்பது? நிறங்களைக் கொண்டுதான். வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா என ஒரு வரிசை. நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல் என மற்றொரு வரிசை. ஐயைந்து இருபத்தைந்து இணைகள் ஒரு கட்டு. கட்டைச் சுற்றியுள்ள நாடாவுக்கும் இதே நிற முறைதான். 137ஆவது இணையைத் தேடுவோம். 126 முதல் 150 வரை ஆறாவது கட்டு; அதன் நாடா சிவப்பும் நீலமும். அக்கட்டில் நமது இணை பன்னிரண்டாவது; ஆகவே கறுப்பும் ஆரஞ்சும். வாய்ப்பாடு தெரிந்த எவரும் குழிக்குள் அமர்ந்தே இதைச் சொல்லிவிடலாம்!

முன்பு காகிதத்தில் வரைந்த கேபிள் படங்கள் பின்னர் கணிப்பொறிக்குள் வந்தன. திரையில் கோடு இழுப்பது எளிது. ஆனால் கோடு மட்டும் கேபிள் ஆகிவிடாது. எந்த நிலையத்தில் புறப்படுகிறது, கேபிளின் எண் என்ன, எந்த இணை முதல் எந்த இணை வரை என்பனவற்றை முதலில் பதிய வேண்டும். 1 முதல் 900 வரை புறப்பட்ட ஃபீடரில், முதல் ஜாயின்ட்டில் 300 இணைகள் கிழக்கே பிரிகின்றன என்போம். பிரிந்தவை 1–300, நேரே சென்றவை 301–900 என்று அந்த இடத்திலேயே குறித்துவிட்டால், அப்பாலுள்ள கணக்கைப் பின்தொடரலாம். ஆதலால் நிலையத்திலிருந்து வெளிநோக்கிப் பதிவதே முறை. வீட்டுப் பக்கமிருந்து தொடங்கினால் வேரில்லாக் கிளைகளே மிஞ்சும். கிழக்கே போடப்பட்டது 400 இணைக் கேபிளானால், எஞ்சிய நூறும் உயிரற்றவை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

கம்பியின் பருமனும் முக்கியம். பருமனை எண்ணால் குறிப்பர்; எண் ஏற ஏறக் கம்பி மெலியும். 26ஆம் எண் கம்பியில் போய்வர ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 83 ஓம் தடை. பழைய பெல் விதி அனுமதித்தது 1,300 ஓம். எனவே பதினைந்தாயிரம் அடியைத் தாண்டினால் பருத்த கம்பி தேவைப்பட்டது. 18,000 அடிக்கு மேற்பட்ட தடங்களில் 6,000 அடிக்கு ஒன்றாகச் சுருள்களைப் பொருத்தினர். பேச்சு தெளிவாயிற்று, ஆனால் பிற்காலத்து டி.எஸ்.எல். இணைய சேவைக்கு அச்சுருளே தடையாயிற்று. வரைபடத்தில் சுருள் விடுபட்டிருந்தால், கிடைக்கும் என்று வாடிக்கையாளருக்கு அளித்த வாக்கு பொய்த்துப் போகும்.

ஒரே இணையை இரண்டு தெருக்களில் திறந்து வைப்பதும் அன்றைய வழக்கம்; எங்கு தேவையோ அங்கு பயன்படுத்தலாம் அல்லவா? ஒரு தெருவை மட்டும் பதிந்தால், மற்றத் தெருவில் பேச்சிலிருக்கும் இணை 'காலி' என்றே திரையில் தெரியும்.

இன்று கண்ணாடி இழை வரச் செம்பு விடைபெற்று வருகிறது. ஆயினும் ஒரு ஃபீடரை அறுக்குமுன், அதன் எந்த இணையில் மின்தூக்கியின் அவசரத் தொலைபேசி இருக்கிறது, எதில் தீ எச்சரிக்கை மணி இருக்கிறது என்று அந்தப் பதிவைத்தான் பார்க்கிறார்கள்.