வயதைக் கூட்டுவதா, குறைப்பதா?

அமெரிக்காவில் உள்ளூர் ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டிக்கு மகளின் பெயரைக் கொடுக்கும் பெற்றோர், அவள் எந்த வயதுப் பிரிவில் வருவாள் என்று அமைப்பாளரைக் கேட்டால் பல நேரம் பதில் கிடைக்காது. அவர் எதையும் மறைக்கவில்லை, அவருக்கே தெரியாது. பெயர்ப் பதிவு முடிந்த பிறகுதான் அங்கே பிரிவுகள் உருவாகும்.

நமக்குப் பழகிய முறை வேறு. நம் பள்ளி விளையாட்டில் 14 வயதுக்குட்பட்டோர், 17, 19 என்று கோடு முதலிலேயே போடப்பட்டிருக்கும். பிள்ளைகள் பிறகு வந்து அதற்குள் நிற்பார்கள். அமெரிக்கச் சிறுமியர் போட்டிகளில் பிள்ளைகள் முதலில் வந்து நிற்கிறார்கள், கோடு பிறகு போடப்படுகிறது.

அங்கே குழந்தைகளை முதலில் பிரிப்பது திறமைதான். ஒன்று முதல் பத்து வரை நிலைகள் இருக்கின்றன. ஐந்தாம் நிலை வரை எல்லோரும் ஒரே ஆட்டத்தை, ஒரே வரிசையில், அச்சுப் பிசகாமல் செய்துகாட்ட வேண்டும். ஆறாம் நிலையிலிருந்து பயிற்சியாளர் அமைத்துத் தரும் சொந்த ஆட்டம். யார் எப்போது அடுத்த நிலைக்குப் போவார் என்பது உடம்பையும் பயிற்சியையும், வீட்டின் பணவசதியையும் பொறுத்தது. அதனால் ஒரே நிலையில் ஏழு வயதும் இருக்கும், பன்னிரண்டும் இருக்கும். பத்தாம் நிலையில் பத்து வயதுச் சிறுமியும், கல்லூரி உதவித்தொகைக்காகக் காத்திருக்கும் பதினெட்டு வயதுப் பெண்ணும் ஒரே விதிப் புத்தகத்தின்படி புள்ளி வாங்குகிறார்கள். பதக்கம் கொடுக்கும்போதாவது இவர்களைப் பிரித்தாக வேண்டும்.

எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. நான்காம் நிலைக்கு 48 சிறுமிகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அமைப்பாளர் எல்லோருடைய பிறந்த தேதியையும் கணினியில் வரிசைப்படுத்துகிறார், கடைக்குட்டி மேலே, மூத்தவள் கீழே. நான்கு பிரிவு போதும் என்றால் பன்னிரண்டு பன்னிரண்டாக வெட்டுகிறார். முதல் பிரிவில் ஏழு வயதுக்காரிகளும், எட்டு நிறைந்து ஒன்றிரண்டு மாதமானவர்களும் வருகிறார்கள். இரண்டாவதில் எட்டேகால் முதல் எட்டே முக்கால் வரை. மூன்றாவது ஒன்பதரையில் முடிந்துவிடுகிறது. மீதிப் பன்னிரண்டு பேர் நான்காவது பிரிவு, அதில் ஒன்பதரை வயதுக்காரியும் உண்டு, பன்னிரண்டு வயதுக்காரியும் உண்டு. வெட்டு விழும் இடத்தில் இரட்டைக் குழந்தைகள் இருந்தால் கோட்டை ஓரிடம் நகர்த்துவார்கள், ஒரே தேதியில் பிறந்தவர்களைப் பிரிக்கக் கூடாது என்பதற்காக.

கவனித்தால் ஒன்று தெரியும். எட்டு, ஒன்பது வயதில்தான் கூட்டம் அதிகம். அதனால் நடுப் பிரிவுகளின் அகலம் ஆறு முதல் ஒன்பது மாதம்தான், கடைசிப் பிரிவின் அகலம் இரண்டரை ஆண்டு. தலைக்கணக்கில் பிரிவுகள் சமம், வயதுக் கணக்கில் சமமே இல்லை. அடுத்த மாதம் வேறு ஊரில் முப்பது பேர் மட்டும் வந்தால் கோடுகள் இடம் மாறிவிடும். போன போட்டியில் தன் பிரிவில் மூத்தவளாக இருந்தவள் இதில் இளையவளாகிவிடுவாள். கல்யாண வீட்டில் முதல் பந்தியில் யார் உட்காருவார்கள் என்பது எத்தனை இலை போட்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது இல்லையா, அந்த மாதிரிதான்.

தலைக்கணக்கைச் சமமாக வைப்பதற்குக் காரணம் உண்டு. வால்ட், பார்ஸ், பீம், ஃபுளோர் என்று நான்கு கருவிகள். சிறுமிகள் நான்கு குழுக்களாக நின்று ஒவ்வொன்றாகச் சுற்றி வருவார்கள். ஒரு குழு பெருத்து இன்னொன்று சிறுத்தால் மூன்று கருவிகளின் நடுவர்கள் சும்மா உட்கார்ந்திருக்க, நான்காவதில் வரிசை நீளும். எனவே அமைப்பாளருக்கு வயதுச் சமத்துவத்தைவிடத் தலைச் சமத்துவம் முக்கியமாகிவிடுகிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எட்டு வயதுக் குழந்தை பளபளக்கும் இறுக்கமான உடையில், வார்ம்-அப் சூடு ஆறிப்போய் அரை மணி நேரம் காத்திருந்துவிட்டு நாலு அங்குல அகலப் பீமில் ஏறுவது நல்லதல்ல.

சிக்கல் மேல்மட்டத்தில் வருகிறது. மாநிலம், மண்டலம், தேசியம் என்று ஏறும்போதும் இதே முறைதான். ஜூனியர் ஏ, ஜூனியர் பி என்று தொடங்கி சீனியர் வரை, தகுதி பெற்றவர்களின் பிறந்த தேதிகளை வைத்து வெட்டுகிறார்கள். மண்டலப் போட்டியில் ஒவ்வொரு பிரிவிலும் முதல் சில இடங்களில் வருபவர்களே தேசியத்துக்குப் போவார்கள். ஒரு பிரிவில் 37 புள்ளி எடுத்தவள் தங்கம் வாங்கும்போது, பக்கத்துப் பிரிவில் அதே 37 எடுத்தவள் வீட்டுக்குப் போகலாம். இருவருக்கும் வயது வித்தியாசம் ஒரு வாரமாகக்கூட இருக்கலாம். இது அநியாயம் என்று புலம்பும் பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இம்முறைக்கு ஒரு நற்குணம் உண்டு: கோடு எங்கே விழும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாததால், பிறந்த தேதியில் இரண்டு மாதத்தைத் திருத்தி ஒரு பயனும் இல்லை. ஏமாற்றுவதற்கும் ஒரு நிலையான கோடு தேவைப்படுகிறது!

பிரிட்டன் போன்ற நாடுகளிலும், சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் சம்மேளனத்திலும் நிலையான கோடு உண்டு. போட்டி நடக்கும் காலண்டர் ஆண்டுக்குள் எத்தனை வயது நிறைகிறதோ அதுவே போட்டி வயது. டிசம்பர் 31 இரவு பதினொன்றரைக்குப் பிறந்தவளும் அரை மணி கழித்துப் பிறந்தவளும் ஒரு முழு ஆண்டு இடைவெளியில் நிற்பார்கள்.

இப்படிப்பட்ட ஆண்டுக் கோடு எந்த விளையாட்டிலும் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்த பிள்ளைகளுக்குச் சாதகம் என்று 1985-லேயே கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களை வைத்து ரோஜர் பார்ன்ஸ்லி காட்டினார். ஜனவரிப் பிள்ளை டிசம்பர்ப் பிள்ளையைவிடப் பதினோரு மாதம் அதிகமாக வளர்ந்தவன். பயிற்சியாளர் அதைத் திறமை என்று எண்ணித் தேர்ந்தெடுத்துவிடுவார். ஜிம்னாஸ்டிக்ஸுக்கு வந்தால் கணக்கு பாதி வழியில் புரள்கிறது. கனடாவின் சிறுமியரை ஆராய்ந்து 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், பதினைந்து வயதுக்குக் கீழே ஆண்டின் தொடக்கத்தில் பிறந்தவர்கள் அதிகம் இருந்தார்கள். பதினைந்தைத் தாண்டியதும் ஆண்டின் பின்பாதியில் பிறந்தவர்கள் மேலே வந்துவிட்டார்கள்.

காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. எட்டு வயதில் ஒரு வருட மூப்பு என்றால் கூடுதல் பலம், கூடுதல் கவனம், சொன்னதைப் புரிந்துகொள்ளும் பக்குவம். பதினான்கில் அதே மூப்பு உயரமாகவும் எடையாகவும் இடுப்பு அகலமாகவும் மாறுகிறது. காற்றில் சுழல வேண்டிய உடம்பு சிறிதாக இருந்தால் வேகமாகச் சுழலும். நேற்றுவரை வந்த இரட்டைச் சுழற்சி, நாலு அங்குலம் வளர்ந்த பிறகு வராமல் போகும். அதாவது ஒரே பெண்ணுக்கு எட்டு வயதில் வயதைக் குறைத்துச் சொல்லத் தோன்றும், பதினான்கில், உலக அரங்கின் குறைந்தபட்ச வயதைத் தொடுவதற்காக, கூட்டிச் சொல்லத் தோன்றும். கிரிக்கெட்டிலும் கால்பந்திலும் வயது மோசடி என்றால் குறைப்பது மட்டும்தான். இரண்டு திசையிலும் பொய் சொல்லத் தூண்டும் விளையாட்டு இதைப்போல் வேறொன்று எனக்குத் தெரிந்து இல்லை.

உலக அரங்கில் பெண்களுக்கான குறைந்தபட்ச வயது முன்பு 14. 1976-ல் மான்ட்ரியலில் முழுப் பத்து வாங்கிய ருமேனியாவின் நாடியா கொமனேச்சிக்கு அப்போது பதினான்கு வயதுதான். 1981-ல் இந்த வரம்பு 15 ஆனது, 1997-ல் 16 ஆனது. வளரும் எலும்புகள் தாங்கவில்லை, பட்டினி போட்டு வளர்ச்சியைத் தள்ளிப்போடுகிறார்கள் என்ற கவலைகள் அதன் பின்னால் இருந்தன. கோடு ஏற ஏற அதற்குச் சற்றே கீழே நின்றவர்களுக்கு நஷ்டம். 1997 மார்ச் 14-ல் பிறந்த அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ், 1996-க்குள் பிறந்திருந்தால் 2012 லண்டன் ஒலிம்பிக்ஸுக்குத் தகுதி பெற்றிருப்பார். தவறியது 73 நாளில். மறு ஆண்டே உலகச் சாம்பியன். தலைகீழ் அதிர்ஷ்டம் ரஷ்யாவின் விக்டோரியா லிஸ்டுனோவாவுக்கு. 2005-ல் பிறந்தவர் என்பதால் 2020 டோக்கியோவில் அவருக்கு இடமே இல்லை. கொரோனா போட்டியை ஓர் ஆண்டு தள்ளிவைக்க, வயதும் நிறைந்தது, அணித் தங்கமும் கழுத்தில் விழுந்தது.

காத்திருக்க மனமில்லாத அரசுகள் காகிதத்தைத் திருத்தின. ருமேனியாவின் டேனியலா சிலிவாஷ் பிறந்தது 1972-ல், ஏட்டில் 1970. பதின்மூன்று வயதில், 1985 உலகப் போட்டியில், பீமில் தங்கம் வென்றார். தன் வயது மாற்றப்பட்டதை 2002-ல்தான் வெளியே சொன்னார். வடகொரியா இந்த அளவுக்குக்கூடச் சிரமப்படவில்லை. 1991 உலகப் போட்டியில் பார்ஸில் தங்கம் வென்ற கிம் குவாங் சுக்குக்குத் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பதினைந்து வயது என்றே எழுதிக் கொடுத்தது. அதன் விளைவாக 1993 உலகப் போட்டியில் அந்த நாட்டுக்கு இடம் மறுக்கப்பட்டது.

நம் ஊரில் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட ஜூன் மாதப் பிறந்தநாளோடு ஓய்வு பெற்ற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எனவே காகிதம் மட்டும் போதாது என்பது நமக்குப் புதிதல்ல. 2010-ல் மத்திய விளையாட்டு அமைச்சகம் கொண்டுவந்த வயது மோசடித் தடுப்பு விதிகள் சான்றிதழோடு மருத்துவப் பரிசோதனையையும் சேர்த்தன. இளம் வீரர்களின் எலும்பு வயதைக் கணிக்கப் பரவலாகப் பயன்படுவது இடது கை, மணிக்கட்டு எக்ஸ்ரே. வளர்ச்சித் தட்டுகள் எந்த அளவுக்கு மூடியிருக்கின்றன என்று பார்ப்பார்கள்.

கிரிக்கெட் பையனுக்கு இது ஓரளவு பொருந்தும். ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளையோ தினமும் கையை ஊன்றி முழு எடையையும் மணிக்கட்டில் இறக்குகிறது. அந்த இடத்து வளர்ச்சித் தட்டு அழுத்தத்தில் விரிந்து சிதைவது மருத்துவர்கள் அன்றாடம் பார்க்கும் கோளாறு, அதற்கு ஜிம்னாஸ்ட் மணிக்கட்டு என்றே பெயர். போதாக்குறைக்கு, மேல்மட்ட வீராங்கனைகளில் பலருக்கு எலும்பு வயது பிறப்புச் சான்றிதழ் வயதைவிடப் பின்தங்கியே இருக்கும். பதினாறு நிறைந்த பெண்ணைப் பதினான்கு என்று எக்ஸ்ரே சொல்லிவிட்டால் யாரை நம்புவது? ஆகவே இந்த விளையாட்டில் எலும்பைக் காட்டி வழக்கை முடிக்க முடியாது, ஆவணத்துக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. 2009 முதல் சர்வதேசப் போட்டிகளுக்குச் சம்மேளனம் தனி உரிம அட்டை தருகிறது. ஒருமுறை பதிந்த பிறந்த தேதியைப் போட்டிக்குப் போட்டி மாற்ற முடியாது என்பதுதான் அதன் பலன். முதல் பதிவே பொய்யென்றால் அட்டையும் அந்தப் பொய்யைத்தான் சுமக்கும்.

உண்மையில் மிகப் பெரிய மோசடியைப் பிடித்துக் கொடுத்தது ஒரு வேலைப் படிவம். 2000 சிட்னி ஒலிம்பிக்ஸில் சீனப் பெண்கள் அணி வெண்கலம் வென்றது. அந்த அணியில் இருந்த டோங் ஃபாங்ஷியாவ் 1983-ல் பிறந்ததாகப் பதிவு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸில் அவர் தொழில்நுட்ப அதிகாரியாக வேலைக்கு வந்தபோது கொடுத்த பிறந்த ஆண்டோ 1986. அப்படியானால் சிட்னியில் அவருக்கு வயது பதினான்கு. 2010-ல் பதக்கம் பறிக்கப்பட்டு, நான்காவதாக வந்த அமெரிக்க அணிக்குப் போனது. அந்த அமெரிக்க அணியில் இருந்த டாஷா ஷ்விகர்ட்டுக்குச் சிட்னியில் ஆடியபோது பதினைந்து வயதுதான். பிறந்தநாள் நவம்பரில் வருவதால், அந்த ஆண்டுக்குள் பதினாறு நிறைந்துவிடும் என்ற கணக்கில் முழுத் தகுதியோடு ஆடினார்.

அதே சீன அணியில் யாங் யுன் என்பவரும் இருந்தார். சிட்னியில் தனக்குப் பதினான்கு வயது என்று அவரே பின்னாளில் சீனத் தொலைக்காட்சிப் பேட்டியில் சொல்லியிருந்தார். சம்மேளனம் விசாரித்தது. வாயால் சொன்னது இருந்தது, எழுத்தில் எதுவும் சிக்கவில்லை. எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். டோங்கின் வயதால் அணிப் பதக்கம் போனபோது யாங்கும் அதை இழந்தார். பார்ஸில் தனியாக வென்ற வெண்கலம் மட்டும் அவரிடமே இருக்கிறது.

(தொடரும்)