முட்டும் மாடும் உரிமையாளர் பொறுப்பும்

மாடு முட்டி ஒருவர் காயமடைந்தால், "வாயில்லா ஜீவன் செய்ததற்கு யார் என்ன செய்ய முடியும்?" என்று சொல்லிவிடுவது கிராமங்களில் வழக்கம். பெரியவர்கள் கூடிப் பேசி, வைத்தியச் செலவை வாங்கிக் கொடுத்து முடித்துவைப்பதும் உண்டு. ஆனால் அடிபட்டவர் மாதக்கணக்கில் வேலைக்குப் போக முடியாத நிலை வந்தால், விஷயம் போலீசுக்கும் கோர்ட்டுக்கும் போகிறது. இரண்டு மாடு வைத்துப் பிழைக்கும் சிறு விவசாயிக்கு அப்படிப்பட்ட ஒரு வழக்கு மாட்டின் விலையையே விழுங்கிவிடும். எனவே, கால்நடை வளர்ப்போரிடம் சட்டம் எதை எதிர்பார்க்கிறது என்பதைத் தெரிந்துவைத்திருப்பது அவசியம்.

கோர்ட்டு கேட்கும் இரண்டு கேள்விகள்

மாடு, ஆடு, நாய் போன்ற வீட்டுப் பிராணிகள் இயல்பில் சாதுவானவை என்றே சட்டம் கொள்கிறது. ஆகவே மாடு முட்டிவிட்டது என்ற காரணத்துக்காக மட்டும் அதன் உரிமையாளர் நஷ்டஈடு கொடுக்க வேண்டியதில்லை. கோர்ட்டு இரண்டு கேள்விகளைக் கேட்கும். முதலாவது, இந்த மாடு முட்டும் குணமுள்ளது என்பது உரிமையாளருக்கு முன்பே தெரியுமா? இரண்டாவது, நியாயமாக எடுக்க வேண்டிய முன்னெச்சரிக்கையை அவர் எடுத்தாரா? முதல் கேள்விக்குத் 'தெரியும்' என்றோ, இரண்டாவது கேள்விக்கு 'இல்லை' என்றோ விடை வந்தால், வைத்தியச் செலவு, இழந்த கூலி, உடல் ஊனம் ஆகியவற்றுக்கு ஈடு தர நேரிடும்.

மாட்டின் குணம் தெரியும் என்று காட்ட, அது முன்பே ஒரு ஆளைக் குத்திக் காயப்படுத்தியிருக்க வேண்டும் என்பதில்லை. ஆட்களைக் கண்டால் தலையைத் தாழ்த்திப் பாயும் பழக்கம் உள்ளது என்று அக்கம்பக்கத்தார் சொன்னாலே போதும். "பக்கத்தில் போகாதே, முட்டும்" என்று உரிமையாளர் பிள்ளைகளிடம் சொல்லிவந்ததும் அவருக்கு எதிரான சாட்சியமாகலாம். எச்சரிப்பது நல்லதுதான். ஆனால் எச்சரித்தால் மட்டும் போதாது; மாட்டைத் தக்கபடி கட்டியும் வைக்க வேண்டும்.

மாட்டைச் சீண்டியவரோ, கல்லால் அடித்தவரோ காயமடைந்தால் அவர் கேட்கும் நஷ்டஈடு குறையலாம், கிடைக்காமலும் போகலாம். ஆனால் சிறு குழந்தைகளின் விளையாட்டைப் பெரியவர்களின் குற்றம்போல் கோர்ட்டு எடுத்துக்கொள்வதில்லை.

தண்டனையும் உண்டு

நஷ்டஈடு ஒரு புறமிருக்க, இது கிரிமினல் குற்றமும் ஆகும். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 289-வது பிரிவில் இருந்த இக்குற்றம், 1-7-2024 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவில் உள்ளது. தன் வசமுள்ள பிராணியால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடும் என்ற நிலையில், அதைத் தடுக்கப் போதிய ஏற்பாடு செய்யாதவருக்கு 6 மாதம் வரை சிறையோ, ரூ.5,000 வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பழைய சட்டத்தில் அபராதம் ரூ.1,000 வரைதான்.

'தன் வசமுள்ள' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். உழவுக்கு மாட்டை இரவல் வாங்கிச் சென்றவர், வாரத்துக்கு வளர்ப்பவர், கிடை போடும் கீதாரி ஆகியோரும் மாடு தங்களிடம் இருக்கும் காலத்தில் பொறுப்பாளிகளே. எனவே முட்டும் மாட்டை இரவல் கொடுக்கும்போதும் விற்கும்போதும் அதன் குணத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

பயிரில் மேய்ந்தால்

அடுத்தவர் வயலில் மாடு புகுந்து மேய்ந்தால், "அதன் குணம் எனக்குத் தெரியாது" என்ற வாதம் எடுபடாது. 1871-ம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டப்படி, பயிரைச் சேதப்படுத்தும் மாட்டை நிலத்துக்காரர் பிடித்து 24 மணி நேரத்துக்குள் பவுண்டுக்கு அனுப்பலாம். இதற்குப் போலீஸ் உதவியும் கேட்கலாம். சேதத்துக்காகத் தனியே வழக்குப் போடும் உரிமையும் அவருக்கு உண்டு. பவுண்டு இல்லாத ஊரில், சேதத்தைச் சாட்சிகளிடமும் கிராம நிர்வாக அலுவலரிடமும் காட்டிவிட்டு எழுத்து மூலம் புகார் கொடுப்பது நல்லது.

ஆனால் கோபத்தில் மாட்டை வெட்டுவதும் விஷம் வைப்பதும் பெருங்குற்றமாகும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவின்படி இதற்கு 5 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். பயிரைப் பறிகொடுத்தவரே குற்றவாளியாக நிற்க நேரிடும். வேலிக்கு நேரடியாக மின்சாரம் கொடுப்பது மனித உயிருக்கே எமனாகும். அதை ஒருபோதும் செய்யக் கூடாது.

சாலையில் கவனம்

இன்று விபத்து அதிகம் நேரக்கூடிய இடம் சாலைதான். சாலையோரம் முளையடித்து நீளக் கயிற்றில் மாட்டை மேயவிடும்போது, அது மறுபுறம் போனால் கயிறு சாலைக்குக் குறுக்கே நிற்கும். இரு சக்கர வாகனத்தில் வருபவருக்கு இது கண்ணில் படாது. இரவில் கறுப்பு எருமை சாலையில் படுத்திருந்தாலும் இதே ஆபத்துதான். வாகனம் மோதி மாடு இறந்தால் மோட்டார் வாகன விபத்து நஷ்டஈட்டு மன்றத்தில் ஈடு கேட்கலாம். ஆனால் மாட்டைச் சாலையில் அவிழ்த்துவிட்டது உரிமையாளரின் தவறு என்று தெரிந்தால் அந்தத் தொகை குறையும். காயமடைந்தவர் அவர் மீதே வழக்குப் போடவும் இடமுண்டு. சாதாரணக் கால்நடை இன்ஷூரன்ஸ் மாடு இறந்தால் உதவுமே தவிர, மாட்டினால் பிறருக்கு நேரும் காயத்துக்கு உதவாது.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. மூக்கணாங்கயிறு, தலைக்கயிறு, முளை ஆகியவற்றை வாரம் ஒருமுறை சோதித்து, இற்றுப்போன கயிற்றை உடனே மாற்ற வேண்டும்.

2. முட்டும் மாட்டை நடைபாதை, பள்ளிக்கூடம், குழாயடி அருகே கட்டக் கூடாது. பழகிய ஆள்தான் அதை ஓட்டிச் செல்ல வேண்டும்.

3. கன்று ஈன்ற சில நாட்களுக்குச் சாதுவான பசுவும் பாயும். அந்நியரையும் நாய்களையும் அருகே விடக் கூடாது.

4. கன்றுக்குச் சில வாரங்களுக்குள் கொம்புக் குருத்தை நீக்கிவிடலாம். 2023-ம் ஆண்டு விதிகளின்படி இதை மயக்க மருந்து கொடுத்துக் கால்நடை மருத்துவர்தான் செய்ய வேண்டும்.

5. மாலையில் மாடுகளை வீடு சேர்க்க வேண்டும். கழுத்தில் ஒளிரும் பட்டை கட்டுவது நல்லது.

6. காவல் நாய்க்கு ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, சான்றைப் பத்திரப்படுத்த வேண்டும்.

காயம் நேர்ந்துவிட்டால்

கொம்புக் காயம் வெளியே சிறிதாகத் தெரிந்தாலும் உள்ளே ஆழமாக இருக்கலாம். மஞ்சளோ சுண்ணாம்போ அப்பிக் காலம் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். டெட்டனஸ் ஊசியும் தேவைப்படலாம். நாய் கடித்தால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு, அன்றே அரசு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். காயம் எப்படிப் பட்டது என்பதை டாக்டரிடம் உள்ளபடியே சொல்லிப் பதிவுசெய்து, ரசீதுகளைப் பத்திரப்படுத்துவது இரு தரப்புக்கும் நல்லது.

நஷ்டஈடு பற்றிப் பேசி முடித்துக்கொள்வதானால் அதை எழுத்தில் வைத்து இருவரும் கையெழுத்திட வேண்டும். தாலுகா சட்டப்பணிகள் குழுவை அணுகினால் மக்கள் நீதிமன்றம் மூலம் சமரசம் செய்துகொள்ளலாம். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், குறைந்த வருமானமுள்ளோர் ஆகியோருக்கு அங்கு இலவசச் சட்ட உதவியும் கிடைக்கும்.

மாட்டின் குணத்தை வளர்ப்பவரைவிட நன்றாக அறிந்தவர் வேறு யாருமில்லை. 'தெரிந்தும் கட்டவில்லை' என்ற பழி வராமல் பார்த்துக்கொள்ள ஒரு நல்ல கயிறும் மாலையில் சற்றுக் கவனமும் போதும். கோர்ட்டுச் செலவோடு பார்க்கும்போது கயிற்றின் விலை மிகச் சொற்பம்.