மதுவிலக்கும் பனைத் தொழிலும்

மதுவிலக்குச் சட்டம் 1937 அக்டோபர் 1-ஆம் நாள் சேலம் மாவட்டத்தில் தொடங்கி, 1948 அக்டோபர் 2-ஆம் நாள் சென்னை மாகாணம் முழுவதும் அமுலுக்கு வந்தது, 1971-இல் ஒத்திவைக்கப்பட்டது. நன்னோக்கங் கொண்ட சட்டத்தை நிறைவேற்றுதல் ஏன் கடினமாயிற்று என்பதை நம் அங்கத்தினர்கள் அறிதல் நன்று.

மாமல்லபுரத்திற்குத் தெற்கே கடற்கரை நெடுகிலும் பனைகள் உள்ளன. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்குவது பதநீர். தடவாவிடில் அதே சாறு சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகிறது. மரமும் ஒன்று, ஏறுபவரும் ஒருவர். மரந்தோறும் காவல் வைப்பது எங்ஙனம்?

ஆகவே, பனையேறுவோர்க்கு மாற்று ஜீவனமாகப் பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கப்பெற்றன. ஆயினும் வெல்லத்திற்கு விறகும் உழைப்பும் வேண்டும். விற்ற பின்னரே பணம். கள்ளுக்கு இவை வேண்டா; மரத்தடியிலேயே காசு கிடைக்கும்.

மேலும், அதே கடற்கரையிலுள்ள புதுச்சேரி 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. பின்னரும் அங்கே மது தடையின்றி விற்றது. எல்லை கடந்து வருவதை முற்றிலும் தடுத்தல் எளிதன்று.

கடைகளைத் திறந்துவிட்டால் கள்ளச்சாராயம் ஒழியும் என்பாரும் உளர். அரசுக் கடைகள் நடைபெற்ற 2023 மே மாதத்தில், மதுராந்தகம் வட்டாரத்திலும் மரக்காணம் பகுதியிலும் மெத்தனால் கலந்த சாராயத்தால் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

சட்டம் விற்பவனைத் தண்டிக்கும். அவனுக்கு வேறு பிழைப்பைத் தராது. வெல்லத்திற்கு நியாய விலையை அன்றன்றே அளிக்கும் சங்கம், மதுவிலக்கிற்குக் காவல் நிலையத்தினும் சிறந்த துணையாகும்.